கைப்பேசிக்குள் ஒரு சபை

முன்பெல்லாம் ஒரு பிள்ளையைப் பள்ளியில் நாலு பேர் சேர்ந்து கேலி செய்தால், அந்தக் கேலி மாலை மணி அடித்ததும் ஓய்ந்துவிடும். வீட்டு வாசற்படியை மிதித்த பிறகு அப்பிள்ளை மூச்சு விடலாம். அம்மா கையால் ஒரு வாய் காபி குடிக்கலாம். மாலையில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, மறுநாளைச் சந்திக்கும் தைரியத்தோடு உறங்கலாம். இன்று அந்த வாசற்படி இருந்தும் பயனில்லை. கேலி செய்கிறவர்கள் பிள்ளையின் சட்டைப்பையில் அமர்ந்தபடி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசி ஒளிர்கிறது. பக்கத்து அறையில் உறங்கும் பெற்றோருக்கோ ஒன்றும் தெரிவதில்லை.

இணையவழிக் கொடுமை என்று இதைச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைத் தொடர்ந்து இழிவுபடுத்துவது, ஒருவருடைய படத்தைக் கோணலாக்கிப் பரப்புவது, அவர் பெயரில் இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்குத் தொடங்குவது, எல்லாரும் இருக்கும் குழுவிலிருந்து ஒருவரை மட்டும் வேண்டுமென்றே விலக்குவது, அந்தரங்கப் படத்தை வெளியிடுவதாக மிரட்டுவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஐரோப்பா, மத்திய ஆசியா, கனடா ஆகிய பகுதிகளின் 44 நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், பள்ளிப் பருவத்தினரில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் இக்கொடுமைக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார். பிறருக்கு இதைச் செய்ததாக ஒப்புக்கொண்டவர் எட்டுப் பேருக்கு ஒருவர். இவ்விரண்டாவது கணக்கையும் நாம் மனத்தில் இருத்த வேண்டும். துன்பப்படுகிற பிள்ளை ஒரு வீட்டில் இருக்கிறது என்றால், துன்புறுத்துகிற பிள்ளையும் ஏதோ ஒரு வீட்டில் இருக்கத்தானே வேண்டும்?

கேலியும் கொடுமையும்

பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் செய்வது என்றும் உள்ள வழக்கம். எல்லாக் கிண்டலும் கொடுமையாகிவிடாது. நார்வேயைச் சேர்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970-களிலிருந்து இதை ஆராய்ந்தவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதவரிடம் செய்வது என்னும் மூன்றும் சேர்ந்தால் அது கொடுமை என அவர் வரையறுத்தார்.

இணையம் இம்மூன்றையும் எளிதாக்கிவிட்டது. ஒருவன் ஒரே ஒரு முறை ஒரு படத்தைப் பதிவிட்டால் போதும். மற்றவர்கள் அதை நூறு முறை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப நிகழும் வேலையைக் கூட்டம் செய்துவிடுகிறது. முகத்துக்கு நேரே சொன்னால், எதிரில் இருப்பவர் கண்ணில் நீர் துளிர்ப்பதைக் கண்டு சொன்னவனே சில வேளை நிறுத்திக்கொள்வான். திரைக்குப் பின்னால் அமர்ந்து தட்டச்சு செய்கிறவனுக்கு அந்தக் கண்ணீர் தெரிவதில்லை.

இதனால் விளையும் வலி கற்பனையானதன்று. 2003-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை விவரித்தனர். இளைஞர்களைக் கணினியில் பந்தெறியும் விளையாட்டில் ஈடுபடுத்தி, இடையில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்துவிட்டு, அவருடைய மூளையைப் படம் பிடித்தார்கள். உடல் வலியின்போது இயங்கும் மூளைப் பகுதி ஒன்று, விலக்கப்பட்ட அந்த நேரத்திலும் இயங்கியது. முன்பின் அறியாதவர்கள் ஒரு விளையாட்டில் விலக்கியதற்கே இவ்வளவு என்றால், ஐந்தாண்டுகள் பக்கத்தில் அமர்ந்து படித்த தோழி விலக்கினால் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? ஆத்திரத்தையும் அவசரத்தையும் அடக்கி ஆளும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகும் என்பது மருத்துவ உண்மை. ‘இதுவும் கடந்து போகும்’ என்று நாம் அமைதி கொள்ளும் இடத்தில், ‘இனி வாழ்வே இல்லை’ என்று அவ்வயது எண்ணிவிடுகிறது.

பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை?

‘இவ்வளவு நடந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!’ என்று பின்னர் வருந்தாத பெற்றோர் இல்லை. சொல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் அன்புக் குறைவன்று, அச்சமே காரணம். அந்த அச்சம் கொடுமை செய்கிறவனைப் பற்றியது மட்டுமன்று. சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பற்றியதும் ஆகும்.

முதலில் கைப்பேசி பறிபோகும். நமக்கு அது ஒரு கருவி. அவர்களுக்கோ நண்பர்கள், பாடக் குறிப்புகள், பாட்டு எல்லாம் அதற்குள்தான். அடிபட்டவனுக்கே அபராதமா என்று அப்பிள்ளை நினைக்கிறது. அடுத்து, ‘நீ ஏன் அந்தப் படத்தைப் போட்டாய்? ஏன் அவர்களோடு சேர்ந்தாய்?’ என்ற விசாரணை தொடங்கும். மூன்றாவதாக, அப்பா கோபத்தோடு அந்த வீட்டுக்குச் சண்டைக்குப் போவார்; மறுநாள் வகுப்பில் கேலி இரட்டிப்பாகும். இல்லாவிட்டால், ‘இதெல்லாம் ஒரு விஷயமா, போய்ப் படி’ என்று முடிந்துவிடும்.

துருவ சரித்திரத்தை நம் வீடுகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து வயதுக் குழந்தையைத் தந்தையின் மடியில் ஏற விடாமல், சுருசி சபையறியச் சுடுசொல் கூறினாள். தந்தை உத்தானபாதனோ அருகிலிருந்தும் வாய் திறக்கவில்லை. குழந்தை அழுதுகொண்டே தாய் சுநீதியிடம் ஓடியது. அவள் செய்ததை நாம் கவனிப்பதில்லை. ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்று அவள் கேட்கவில்லை. ‘இதற்கெல்லாமா அழுவது?’ என்றும் சொல்லவில்லை. முதலில் முழுவதும் கேட்டாள், தானும் கலங்கினாள், பிறகு, பிறருக்குத் தீங்கு நினையாதே என்று தேற்றி, அவன் நடக்க ஒரு வழியைக் காட்டினாள். துருவனின் தவம் காட்டில் தொடங்கியது என்போம். அவன் பேச ஒரு மடி இருந்ததால்தான் அந்தத் தவம் தொடங்கிற்று என்று எனக்குத் தோன்றும்.

ஒரு வீட்டில் நடந்தது

எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நன்றாகப் பாடுவாள். நவராத்திரியில் உறவினர் வீட்டுக் கொலுவில் அவள் பாடியதை யாரோ கைப்பேசியில் பதிவு செய்தார்கள். அந்தக் காணொளி வகுப்புத் தோழன் ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. மேல் ஸ்தாயியில் வாய் திறந்திருந்த ஒரு கணத்தை வெட்டி எடுத்து, கீழே ஒரு பட்டப்பெயரை எழுதி, ‘ஸ்டிக்கர்’ ஆக்கிவிட்டான். வகுப்புக் குழுவில் யார் எது சொன்னாலும் மறுமொழியாக அந்தப் படம் வந்து விழுந்தது. சில நாட்களில் அதே படத்தோடு அவள் பெயரில் ஒரு போலிக் கணக்கும் முளைத்தது.

மார்கழி பிறந்தது. ஆண்டுதோறும் விடியற்காலைத் திருப்பாவை கோஷ்டியில் முன்னால் நின்று பாடுகிறவள், குளிர் என்றாள். தொண்டை சரியில்லை என்றாள். திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி வந்தது. கைப்பேசி ஒலித்தால் திடுக்கிட்டாள். பெற்றோர் பரீட்சை பயம் என்று எண்ணினார்கள். பாட்டிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மாலைதோறும் பூத்தொடுக்கும்போது பேத்தியை அருகில் அமர்த்தி, நாரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் தானாகவே சொல்லி அழுதாள். ஸ்டிக்கர் என்றால் என்ன என்றே பாட்டிக்குத் தெரியாது. ஆனால், “உன் மேல் ஒரு தப்பும் இல்லை, கண்ணு” என்று சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது.

பின்னர் தந்தை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொண்டு வகுப்பாசிரியையைச் சந்தித்தார். பள்ளி இரு தரப்புப் பெற்றோரையும் அழைத்துப் பேசியது. அதற்குள் வகுப்பில் ஒரு மாணவி, ‘இது போதும், இனி யாரும் இந்தப் படத்தை அனுப்ப வேண்டாம்’ என்று அக்குழுவிலேயே எழுதினாள். இன்னும் இருவர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் படம் ஓய்ந்தது. போலிக் கணக்கை நீக்க இன்னும் சில வாரங்கள் ஆயின. அந்தப் பெண் இப்போது வீட்டில் பாடுகிறாள். கோஷ்டிக்கு இன்னும் திரும்பவில்லை. காயம் ஆற அதற்கென்று ஒரு காலம் வேண்டும், அவசரப்படுத்துவதில் பயனில்லை.

எழுந்து நின்ற ஒரு குரல்

அந்த மாணவியின் ஒரு வரிக்கு அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது? கொடுமை செய்கிறவன் பெரும்பாலும் தனக்காக மட்டும் அதைச் செய்வதில்லை, பார்க்கிறவர்களுக்காகச் செய்கிறான். சிரிப்புப் பொம்மைகளும் விருப்பக் குறிகளும் அவனுக்குக் கிடைக்கும் கூலி. பார்வையாளர் இல்லையேல் அரங்கம் இல்லை.

கௌரவர் சபையை நினைத்துப் பாருங்கள். அங்கே துச்சாதனன் ஒருவன்தான். ஆனால் பெரியோர் எத்தனை பேர்! பாஞ்சாலி கேட்ட நியாயமான கேள்விக்குப் பீஷ்மரால் தெளிந்த விடை தர இயலவில்லை. துரோணர் வாய் திறக்கவில்லை. விதுரர் எடுத்துரைத்தார். அவரோடு துணிந்து எழுந்தவன் துரியோதனனின் சொந்தத் தம்பியாகிய விகர்ணன். இது அநீதி என்று அவன் சபையில் சொன்னான். ‘நீ சிறுவன், உனக்கு என்ன தெரியும்’ என்னும் பாணியில் கர்ணன் அவனை அடக்கினான். அன்று அந்தக் குரல் வெல்லவில்லை. அதற்குத் துணையாக இன்னும் பத்துப் பேர் எழுந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் அன்றோ?

இதற்கு இக்காலச் சான்றும் உண்டு. கனடாவில் பள்ளி விளையாட்டு மைதானங்களை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, கொடுமை நிகழ்ந்தவற்றில் 88 விழுக்காட்டு வேளைகளில் மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றதைக் கண்டது. தடுக்க முன்வந்ததோ 19 விழுக்காட்டில்தான். ஆனால் அப்படி முன்வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட முறை, பத்தே விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ என்னும் பள்ளித் திட்டம், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை மாற்றுவதையே தன் அடிப்படையாகக் கொண்டது. 2009-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் அது பரவலாக நடைமுறைக்கு வந்து நற்பயன் தந்திருக்கிறது.

எனவே நம் பிள்ளைகளுக்கு, ‘நீ யாரையும் கேலி செய்யாதே’ என்பதோடு இன்னும் ஒன்றையும் சொல்லித்தர வேண்டும். கேலிப் படம் வந்தால் சிரிப்புக் குறி இடாதே, அடுத்தவருக்கு அனுப்பாதே, துணிவிருந்தால் ‘வேண்டாம்’ என்று எழுது. குழுவில் எழுத அஞ்சினால், துன்பப்படுகிறவருக்குத் தனியே ‘நான் உன் பக்கம் இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பு. பெரியவர் ஒருவரிடம் சொல். இது காட்டிக்கொடுத்தல் ஆகாது, காப்பாற்றுதல்.

சான்றும் சட்டமும்

வங்கியில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவனுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும்: தாள் இல்லாத புகார் நிற்காது. பெற்றோர் பலரும் ஆத்திரத்தில் முதலில் செய்வது, கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பதுதான். அழிக்கலாகாது. செய்தி, அனுப்பியவர் கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவை தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். இணைப்பு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அக்கணக்கைத் தடை செய்து, அந்தந்தச் செயலியிலேயே புகார் அளியுங்கள். ஓர் எச்சரிக்கை: பிள்ளையின் அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டிருந்தால், அந்தப் படத்தைச் சான்றுக்காகக்கூட உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடு அனுப்புவதும் பரப்புவதாகிவிடும்.

அத்தகைய படங்களைப் பற்றிய புகாரைப் பெற்றால் 24 மணி நேரத்திற்குள் நிறுவனங்கள் அவற்றை நீக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்தன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்காக ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவையும் உண்டு. படம் கைப்பேசியை விட்டு வெளியே போகாமலே, அதன் எண்வடிவ அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது.

பணம் கேட்டு மிரட்டுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். வங்கியில் கடனைக் கட்டினால் கணக்கு முடியும். மிரட்டுகிறவனுக்குக் கட்டினால் அப்போதுதான் கணக்கு தொடங்கும். ஒரு ரூபாயும் அனுப்பாமல் உடனே 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் முறையிடலாம்.

சட்டம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவு, சிறாரை ஆபாசமாகக் காட்டும் படங்களை வெளியிடுவதற்கு முதல் முறையே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. விருப்பமில்லாத பெண்ணை இணையத்தில் விடாது பின்தொடர்வதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் துணை நிற்கிறது. ஆயினும், செய்தவர்கள் வகுப்புத் தோழர்கள் எனில் பள்ளியும் பெற்றோரும் அமர்ந்து பேசியே பல சிக்கல்களைத் தீர்த்துவிடலாம். மிரட்டலோ அந்தரங்கப் படமோ இருந்தால் மட்டும் காவல் துறைக்குப் போகத் தயங்கலாகாது.

நம் பிள்ளையே செய்திருந்தால்?

‘என் பிள்ளை அப்படிச் செய்ய மாட்டான்’ என்று ஆசிரியரோடு வாதாடுவது எளிது. ஆனால் அது அவனுக்கே செய்யும் தீங்கு. முதலில் சான்றைப் பொறுமையாகப் பாருங்கள். அடிப்பதால் பயனில்லை, அடுத்த முறை மறைத்துச் செய்யவே அது கற்றுத்தரும். படத்தை நீக்கச் செய்யுங்கள். யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களிடம் அதை அழிக்கச் சொல்லிக் கேட்கச் செய்யுங்கள். நேரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள். புறங்கூறாமைக்கென்று வள்ளுவர் பத்துக் குறள் கொண்ட ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். முகத்துக்குப் பின்னால் பேசுவது எவ்வளவு கீழான செயல் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

இன்னொன்றையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். குடும்பக் குழுவில் யாரோ ஒருவருடைய நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் படம் வந்தால், நாம் சிரித்துவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோமா? பிள்ளைகள் நம் உபதேசத்தைக் காட்டிலும் நம் விரல்களைத்தான் கவனிக்கிறார்கள்.

கேட்க அஞ்ச வேண்டாம்

சில அடையாளங்கள் தோன்றினால் காத்திருக்கலாகாது. தூக்கமும் உணவும் குறைவது, விரும்பியவற்றை விட்டு ஒதுங்குவது, அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ என்னும் பேச்சு ஆகியவை அபாய மணிகள். உயிரை விடும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு ஆவதில்லை என்பதே மருத்துவர்கள் கூறுவது. பரிவோடு கேட்டால், மனத்தில் அடைத்து வைத்த பாரம் இறங்கவே செய்யும். அந்நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், மருத்துவரையும் பாருங்கள். ஒன்று மற்றதற்குத் தடையன்று.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சிறாருக்கென்று 1098 உண்டு. தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றிவரும் ‘சினேகா’ அமைப்பின் எண் 044-24640050. பூஜையறை நாட்காட்டியின் ஓரத்தில் இவ்வெண்களை எழுதி வைப்பது நல்லது. பிள்ளையின் கண்ணிலும் அவை பட வேண்டும்.

இத்தனையும் செய்ய ஒரு தொடக்கம் வேண்டும். அதற்குக் கணினி அறிவு தேவையில்லை. வீட்டில் எல்லாரும் அமைதியாக இருக்கும் ஒரு மாலையில், விளக்கேற்றிய பிறகு, பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: “கைப்பேசியில் யார் என்ன செய்தாலும், நீயே ஏதாவது தவறு செய்திருந்தாலும், முதலில் என்னிடம் சொல். நான் கோபப்பட மாட்டேன். உன் கைப்பேசியையும் பிடுங்க மாட்டேன். இருவரும் சேர்ந்து வழி பார்ப்போம்.” சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். அந்தச் சொல்லை நம்பி ஒரு நாள் ஒரு பிள்ளை நம் அருகில் வந்து அமரலாம்.